புழுதி அடங்கிய மறுநாள் குழந்தைக்கு ஏன் இரைப்பு?

வாசகி கேள்வி: குவைத்தின் ஃபர்வானியாவில், நான்காவது மாடியில், இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் இருக்கிறோம். ஹாலில் ஸ்பிளிட் ஏ.சி., அறைகளில் ஜன்னல் ஏ.சி. ஆறு வயது மகனுக்கு ஆஸ்துமா. ஊரிலிருந்து மாமியார் வந்து எங்களோடு இருக்கிறார். புழுதிக்காற்று தொடங்கியதும் எல்லா ஜன்னல்களையும் சாத்தி ஈரத்துணி தொங்கவிடுகிறோம். காற்று வீசும்போது பையன் ஓரளவு நன்றாகவே இருக்கிறான். மறுநாள் நான் வீட்டைப் பெருக்கி முடித்த பிறகுதான் இருமலும் இரைப்பும் தொடங்குகின்றன. எல்லாம் மூடியிருந்தும் தூசு எப்படி வருகிறது? ஏர் பியூரிஃபையர் வாங்கியே ஆக வேண்டுமா? விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. மூடிய வீட்டுக்குள் நான்கு பேருக்கு மூச்சு முட்டாதா?

கட்டடக் காற்றோட்டப் பொறியாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

'மறுநாள் பெருக்கி முடித்த பிறகுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பாதி விடை அந்த வரியிலேயே இருக்கிறது. வெளியே புழுதி அடங்கிவிட்டது என்பதால் வீட்டுக்குள்ளும் அடங்கிவிட்டது என்று ஆகாது. உள்ளே புகுந்த தூசு நெடுநேரம் காற்றிலேயே மிதக்கும். தரையில் இறங்கியதையும் துடைப்பம் மறுபடி மேலே எழுப்பிவிடும். ஆறு வயதுப் பிள்ளையின் மூக்கு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பெருக்கும்போது எழும் தூசு அவனுக்குத்தான் முதலில் போய்ச் சேர்கிறது.

தூசு எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பாலைவனத்தின் கரட்டு மணல் அந்த அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ இருக்கும். அது தரையை ஒட்டித் துள்ளித் துள்ளித்தான் போகும், நான்காவது மாடிக்கு ஏறி வராது. உங்கள் வீட்டுக்கு வருவது அதைவிடப் பல மடங்கு பொடியான தூசு. அதில் 10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் கூரையிலிருந்து தரைக்கு ஐந்தாறு நிமிடங்களில் இறங்கிவிடும். இரண்டரை மைக்ரான் துகளுக்கு ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கு எட்டு மணி நேரம் வேண்டும். ஏ.சி. ஓடும் அறையில் காற்று அசைந்துகொண்டே இருப்பதால் இன்னும் தாமதமாகும். மேசையில் விரலால் தொட்டுப் பார்க்கிறீர்களே, அது கனமான பகுதி. நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியது கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் அறையில்தான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 45 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. குவைத்தில் கடும் புழுதி வீசும் வேளையில் வெளிக்காற்றில் இது ஆயிரத்தையும் தாண்டிப் போகும். நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் உள்ளே கசிந்தாலும் அந்த வரம்பை எட்டிவிடும். இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கசிவைப் பாதியாகக் குறைத்தாலே பையனுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது புரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஜன்னல்கள் மூடியிருந்தும் தூசு எப்படி வருகிறது என்று கேட்டீர்கள். நீங்களே அதை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, நான் பார்த்த வளைகுடா அடுக்ககங்களில் பெரும்பாலானவற்றுக்கும் இது பொருந்தும். குளியலறைகளிலும் சமையலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கும். வாடை போகட்டும், ஈரம் காயட்டும் என்று நாள் முழுவதும் அது ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சின்னக் குளியலறை விசிறியே மணிக்கு 200 கன மீட்டர் வரை காற்றை வெளியே தள்ளும். உங்கள் வீடு 70 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்குள் இருக்கும் மொத்தக் காற்றே 190 கன மீட்டர்தான். வெளியே போன அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் சட்டத்தின் இடுக்கு, வாசல் கதவின் அடி, ஏ.சி.யைச் சுற்றியுள்ள விரிசல் என்று எங்கெல்லாம் வழி இருக்கிறதோ அங்கெல்லாம் புழுதியோடு சேர்ந்து வரும். மூன்று விசிறிகளும் ஓடினால், எல்லா ஜன்னல்களையும் மூடிய வீட்டிலும் ஒரு மணி நேரத்துக்குள் காற்று முழுவதும் இரண்டு மூன்று முறை மாறிவிடும்.

ஆகவே புழுதி வருகிறது என்று தெரிந்ததும் முதல் வேலையாக எக்ஸாஸ்ட் ஃபேன்களை நிறுத்துங்கள். நிறுத்தினால் மட்டும் போதாது. பழைய விசிறிகளில் தானே மூடிக்கொள்ளும் இதழ்கள் இருப்பதில்லை, இருந்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறித் திறந்தபடியே நின்றிருக்கும். அது சுவரில் போட்ட ஓட்டைக்குச் சமம். விசிறியின் வட்டத்துக்கு ஏற்றபடி அட்டை அல்லது தடித்த பிளாஸ்டிக் தாள் வெட்டி, மாஸ்கிங் டேப்போடு ஓர் இடத்தில் தயாராக வையுங்கள். புழுதி நாளில் ஒட்டிவிட்டு, அடங்கியதும் கழற்றிவிடலாம். கட்டடத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை காலியாக விட்ட ஷாஃப்டை நோக்கித் திறக்கும் குளியலறை ஜன்னலும் இதில் சேரும். அது தெருப் பக்கம் இல்லையே என்று பலரும் திறந்தே விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஷாஃப்டின் வாய் மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் ஊதுபத்தியே போதும். வெளியே காற்று தெளிவாக இருக்கும் ஒரு நாளில், பையன் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில், ஜன்னல்களை மூடி, எக்ஸாஸ்ட் ஃபேன்களை எல்லாம் ஓடவிட்டு, பற்றவைத்த ஊதுபத்தியை ஒவ்வொரு ஜன்னல் ஓரமாகவும் மெல்ல நகர்த்துங்கள். திரைச்சீலையை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். புகை எங்கே உள்பக்கமாக வளைகிறதோ அங்கே இடுக்கு இருக்கிறது. பென்சிலால் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். இழுத்து மூடும் அலுமினிய ஜன்னல்களில் இரண்டு கதவுகள் சந்திக்கும் நடுப்பகுதியிலும் கீழ்த் தண்டவாளத்திலும்தான் பெரும்பாலும் சிக்கல். சட்டத்தின் பள்ளத்தில் பிரஷ் போன்ற மென்மயிர்ப் பட்டை ஒன்று இருக்கும். வெயிலில் காய்ந்து அது உதிர்ந்து போயிருந்தால், கட்டடக் காவலாளியான ஹாரிஸிடம் சொல்லி அலுமினியக் கடைக்காரரை அழைத்து மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய செலவு இல்லை. வீட்டுக்காரர் செய்யத் தயங்கினால் உங்கள் கைக்காசு போட்டாவது பையன் படுக்கும் அறைக்கு மட்டுமாவது செய்துவிடுங்கள்.

ஜன்னல் ஏ.சி.யைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றை எடுப்பதில்லை. அதனால் ஹால் ஏ.சி.யைப் பற்றிக் கவலை வேண்டாம், ஓடட்டும். ஜன்னல் ஏ.சி.யில் பல மாடல்களில் முன்பக்க மூடிக்குள் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அது திறந்த நிலையில் இருந்தால் உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே ஒரு வழி திறந்தபடியே இருக்கும். வாங்கிப் பொருத்திய நாளிலிருந்து யாரும் தொடாத நெம்புகோல் அது. இன்றைக்கே பார்த்து மூடிவிடுங்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே திணித்த பஞ்சு பொடிந்திருந்தால் எடுத்துவிட்டு, புது ஃபோம் பட்டை வைத்து மேலே டேப் ஒட்டுங்கள். சென்ட்ரல் ஏ.சி. உள்ள கட்டடங்களில் இருக்கும் மற்ற வாசகர்கள், வெளிக்காற்று எடுக்கும் வாய் மொட்டை மாடியில் இருக்கிறதா, புழுதி நாளில் அதை மூட முடியுமா என்று ஹாரிஸிடம் கேட்டு வையுங்கள்.

ஏ.சி.யில் வலை இருக்கிறதே, அது தூசைத் தடுக்காதா என்று பலர் கேட்கிறார்கள். கழுவி மாட்டும் அந்த வலை இயந்திரத்தைக் காப்பதற்காக வைத்தது. நூல், முடி, பெரிய தூசு ஆகியவை நிற்கும். பொடித் தூசு அதனூடே தாராளமாகப் போய்வரும். ஆனாலும் புழுதிக்குப் பிறகு அதைக் கழுவியாக வேண்டும். வெளியே இருக்கும் பாகத்தின் தகடுகளில் புழுதி அப்பினால் குளிர்ச்சி குறைந்து மின்சாரச் செலவு ஏறும். அதை நீங்களே கைவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டாம். நான்காவது மாடி ஜன்னலுக்கு வெளியே செய்யும் வேலை, அதற்கு உரியவர் வரட்டும்.

இனி ஏர் பியூரிஃபையர். முழு வீட்டையும் சுத்தமாக வைத்திருக்க முயலாதீர்கள், வாடகை வீட்டில் அது நடக்காத காரியம். ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். பையன் உறங்கும் அறைதான் அது. காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் இருந்தால் இன்னும் நல்லது. குவைத்தில் கோடைப் புழுதி பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வருகிறது. அந்த ஓர் அறையை நன்றாக அடைத்து, அதற்குப் போதுமான ஒரே ஒரு இயந்திரம் வாங்கினால் போதும். பெட்டியின் மீது சி.ஏ.டி.ஆர். என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தரும் என்பதே அது. 12 அடிக்கு 12 அடி அறைக்குக் குறைந்தது 165 வேண்டும். 250 உள்ளதாக வாங்கினால் நடுத்தர வேகத்திலேயே வேலை நடக்கும், இரைச்சலும் குறைவு. இரைச்சல் என்பது சின்ன விஷயம் இல்லை. சத்தம் தாங்காமல் இரவில் நிறுத்திவிடுகிற இயந்திரத்தால் யாருக்கும் பயன் இல்லை.

பொடித் தூசையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி இருப்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பிடிப்பதற்கே கடினமான 0.3 மைக்ரான் துகளிலும் 99.97 சதவீதத்தை அது நிறுத்திவிடும். 'ஹெப்பா போன்றது' என்று எழுதியிருந்தால் வாங்க வேண்டாம். ஓசோன் விடுவது, அயனி விடுவது, வாசனை தருவது என்று விலை ஏற்றுகிறவற்றையும் தவிர்த்துவிடுங்கள். ஓசோன் ஆஸ்துமா நுரையீரலுக்கு நேரடியாகவே கெடுதல். செல்போனோடு இணைவது, வண்ண விளக்கு எரிவது போன்றவற்றுக்காக ஒரு தினார்கூட அதிகம் கொடுக்காதீர்கள். மாற்று வடிகட்டி குவைத்திலேயே கிடைக்கிறதா, என்ன விலை என்பதை இயந்திரம் வாங்கும் முன்பே கேளுங்கள். புழுதி நாட்டில் அது கையேட்டில் சொன்ன காலம்வரை வராது. முன்னால் இருக்கும் சல்லடை வலையை ஒவ்வொரு புழுதிக்குப் பிறகும் சுத்தம் செய்யலாம், ஆனால் ஹெப்பாவை ஒருபோதும் கழுவக் கூடாது.

இந்த மாதம் அதற்கும் பணம் இல்லை என்றால் வருந்த வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனை மூடுவது, இடுக்கை அடைப்பது, பெருக்கும் முறையை மாற்றுவது ஆகிய மூன்றும் கிட்டத்தட்டச் செலவில்லாதவை. அடைக்காத அறையில் விலை உயர்ந்த இயந்திரம் ஓடுவதைவிட, இயந்திரம் இல்லாத ஆனால் நன்றாக அடைத்த அறை மேல் என்பது என் அனுபவம். மற்றபடி, காற்றின் தரம் காட்டும் சின்னக் கருவி வாங்க நினைத்தால், மலிவான கருவிகள் பெரிய தூசைக் குறைத்தே காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க மட்டுமே அவை உதவும்.

உங்கள் மாமியார் ஈரத்துணி தொங்கவிடச் சொல்வது பேரன் மேலுள்ள அக்கறையால்தான், அதைத் தட்டிவிட வேண்டாம். ஆனால் இடத்தை மாற்றுங்கள். ஜன்னல் முன் தொங்கும் துணி பெரிய தூசில் கொஞ்சத்தைப் பிடிக்கும். பொடித் தூசு துணியைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும், ஏ.சி. காற்றில் துணியும் சீக்கிரம் காய்ந்துவிடும். அதே துணியை முறுக்கி வாசல் கதவின் அடியிலும் பால்கனிக் கதவின் அடியிலும் அழுத்தி வைத்தால் உண்மையான பலன் கிடைக்கும். பெரியவர்களிடம் இன்னொரு வேண்டுகோளும் வைக்க வேண்டியிருக்கிறது. மூடிய வீட்டில் புழுதி நாளன்று சாம்பிராணியும் கற்பூரமும் கொசுவத்தியும் வேண்டாம். அவற்றின் புகை, வெளியே போக வழியில்லாமல், தூசைவிடப் பொடியான துகளாக அறையில் நிற்கும். சாம்பிராணிக்கோ, அரபு வாசனைப் புகையான பக்கூருக்கோ கரி மூட்டுவது இன்னும் ஆபத்து. அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாடையும் இல்லை நிறமும் இல்லை. அன்று விளக்கேற்றிக் கும்பிட்டால் போதும் என்று அவரிடம் காரணத்தோடு சொல்லுங்கள். பேரனுக்காக என்றால் எந்தப் பாட்டியும் கேட்பார்.

சமையலும் அப்படித்தான். எக்ஸாஸ்ட் இல்லாமல் மிளகாய் தாளித்தால் வீடே இருமும். அன்றைக்கு இட்லி, குக்கர் சாதம், ரசம் என்று ஆவியிலும் கொதியிலும் முடித்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் குக்கர் இருந்தால் நல்லது. கட்டாயம் அடுப்பு மூட்ட வேண்டும் என்றால் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, அந்த நேரத்துக்கு மட்டும் விசிறியைத் திறந்து போட்டு, முடிந்ததும் மறுபடி மூடுங்கள்.

மூச்சு முட்டாதா என்ற கேள்விக்கு, எந்தக் காற்று என்பதைப் பொறுத்துத்தான் விடை. வசந்தத்தில், பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில், இடி மழையோடு திடீரென்று சுவர்போல எழுந்து வரும் புழுதி ஒரு வகை. 2011 மார்ச் 25 அன்று குவைத் நகரத்தின் மேல் எழுந்ததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்டவற்றின் உக்கிரம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அதுவரை எல்லாவற்றையும் இறுக மூடி இருக்கலாம், நான்கு பேருக்கு அந்த வீட்டுக் காற்று தாராளம். ஜூன், ஜூலையில் இராக்கின் சமவெளியிலிருந்து வீசும் ஷமால் என்னும் வடமேற்குக் காற்று வேறு வகை. அது நாள்கணக்கில் நீடிக்கும். அப்போது பையனின் அறையில் இரவு முழுவதும் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் காற்று கனத்துத் தலைவலி வரும். அறைக் கதவை ஹாலை நோக்கி ஒரு சாண் திறந்து வையுங்கள், பியூரிஃபையர் இருந்தால் ஓடட்டும். கோடை ஷமால் பகலில் வலுத்து இரவில் தணியும் இயல்பு உடையது. ஆகவே விடிவதற்கு முன், வெளியே தெருவிளக்கைச் சுற்றி மங்கல் இல்லாமல் தெளிவாகத் தெரிந்தால், காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்க ஜன்னலைக் கால் மணி நேரம் திறந்து வீட்டுக்கு மூச்சு விடுங்கள். குவைத் வானிலைத் துறையின் எச்சரிக்கையைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டால், எந்த வகைக் காற்று வருகிறது என்பது முன்னதாகவே தெரியும். 2022 மே மாதத்தில் அடுத்தடுத்து வந்து விமானங்களையே நிறுத்திய புழுதிக்கும் எச்சரிக்கை வந்தது.

சரி, மறுநாள். காற்று நின்ற உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். முதலில் வெளிக்காற்று தெளியட்டும். பிறகு எக்ஸாஸ்ட் அடைப்புகளைக் கழற்றி, ஜன்னல்களைத் திறந்து, உள்ளே மிதப்பதை வெளியேற்றுங்கள். பையனை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நீங்கள் ஒரு என்95 முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து வாருங்கள்: அலமாரித் தலை, ஃபேன் இறக்கை, மேசை, ஜன்னல் பள்ளம். கடைசியாகத் தரை, அதுவும் ஈர மாப். உலர்ந்த துடைப்பமும் தூசு தட்டும் இறகுக் கட்டும் அன்றைக்கு வெளியே வரக் கூடாது. வாக்குவம் கிளீனரில் ஹெப்பா வடிகட்டி இல்லை என்றால் அதுவும் வேண்டாம். முன்னால் உறிஞ்சியதில் பொடியானதைப் பின்னால் ஊதிவிடும். தலையணை உறை, போர்வை, திரைச்சீலை ஆகியவற்றை வீட்டுக்குள் உதறாமல் அப்படியே சுருட்டித் துவைக்கப் போடுங்கள். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு முறை தரையைத் துடைத்தால், இரண்டாவது துணியும் எவ்வளவு கறுக்கிறது என்று பார்ப்பீர்கள். அதன் பிறகு பையன் வரட்டும்.

மருந்து விஷயத்தில் உங்கள் குழந்தை மருத்துவர் சொல்வதே முடிவு. ஆனால் அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. புழுதிக்கு மறுநாள்தான் இரைப்பு வருகிறது என்று எனக்கு எழுதியதை அவரிடமும் சொல்லுங்கள். எல்லாமே பெருக்குவதால் மட்டும் வருவது இல்லை. முதல் நாள் உள்ளே போன தூசுக்கு மூச்சுக்குழாய் தாமதமாக வீங்குவதும் உண்டு. தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை, பையன் நன்றாக இருக்கிறான் என்று புழுதிப் பருவத்தில் நிறுத்திவிடாதீர்கள். உடனடி நிவாரண இன்ஹேலரும் அதோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயும் அவன் அறையிலேயே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், எத்தனை முறைக்கு மருந்து மிச்சம் இருக்கிறது என்று ஏப்ரல் தொடங்கும்போதே பார்த்து வையுங்கள். மூச்சிரைப்பால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, மூச்சு இழுக்கும்போது விலா இடுக்குகள் உள்ளே குழிகின்றன, உதடு நீலம் பாய்கிறது, இன்ஹேலர் கொடுத்தும் தணியவில்லை என்றால், வெளியே எவ்வளவு புழுதி அடித்தாலும் காத்திருக்க வேண்டாம், 112ஐ அழைத்துவிடுங்கள். காரில் கொண்டுபோக நேர்ந்தால் ஏ.சி.யை உள்காற்றைச் சுழற்றும் நிலையில் வைத்து, ஜன்னல்களை முழுவதும் ஏற்றிவிட்டுப் புறப்படுங்கள்.